அடுத்த விமானத்தில் வரும் நிழல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். பாதியில் தூக்கம் வந்தால் தூங்கவும் செய்யலாம், கதை கோபித்துக்கொள்ளாது. ஆகாயத்தில் போவதும் வருவதுமாகவே இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது உங்கள் மனசு குளிர்ந்திருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

திருப்பூர் ராயபுரத்து ஜெயசுதா வெளிநாடு போய்த் திரும்பினால், முதலில் அவள் வருவாள். அவள் நிழல் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். ஆரம்ப காலத்தில் அப்படி இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று போய்வந்தவரை இருவரும் ஒன்றாகத்தான் இறங்கினார்கள். மாசத்துக்கு ஒரு பயணம் என்று ஆன பிறகே நிழல் பின்தங்க ஆரம்பித்தது. வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில் எல்லாப் பக்கமும் விளக்கு. எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் நிழல் அங்கேயே திகைத்து நின்றுவிடும். ஜெயசுதா நடையில் வேகக்காரி. அவள் அடுத்த விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகும் அது அங்கே ஒரு தூணோரம் நின்றுகொண்டிருக்கும். பிறகு அதற்கடுத்த விமானத்தைப் பிடித்துக் கோயமுத்தூரில் இறங்கி, அவிநாசி வழியாக வரும் பஸ்ஸில் ஏறிப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சுவரோரமாகவே நடந்து ராயபுரம் வந்து சேரும். கண்டக்டர்கள் யாரும் அதனிடம் டிக்கெட் கேட்டதில்லை. இடத்தை அடைக்காத பயணி என்று விட்டுவிட்டார்கள். தெருமுனை டீக்கடையில் யாராவது, "ஏனுங்க, ஜெயசுதா வந்துட்டாப்பலயாட்ட இருக்குது, நெழல் இப்பத்தான் செவுத்தோரமாப் போச்சு" என்பார்கள். "அட, அவிய வந்து முந்தாநேத்தே ஆச்சுங்க" என்று கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இருக்காது. பேச்சு நூல் விலைக்குப் போய்விடும்.

வந்து சேர்ந்த நிழல் ஒரு நாள் முழுக்க அந்த ஊர் நேரத்திலேயே இருக்கும். இங்கே உச்சி வெயிலில் எல்லாருடைய நிழலும் காலடியில் சுருண்டு கிடக்க, அவளுடையது மட்டும் காலை எட்டு மணி போல நீண்டு கிடக்கும். மறுநாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

இவர்கள் பூர்வீகம் குண்டடம். ஜெயசுதாவின் அப்பா பொங்கியண்ணன் விளைச்சலில் பங்கு பேசிக் காட்டை வாரத்துக்கு விட்டுவிட்டு வந்து, முதலிபாளையத்தில் பத்துத் தையல் மிஷின் போட்டு பனியன் கம்பெனி தொடங்கினார். அவருக்கு வயதான பிறகு அதை நடத்தியது பிள்ளைகள் இருவரும். மூத்தவன் திருமூர்த்தி கட்டிங் மேசையில் நின்று துணி வெட்டுவான். இளையவள் ஜெயசுதா அந்தத் துணியில் தைத்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய் வெளிநாட்டு பையர்களிடம் காட்டி ஆர்டர் வாங்கிவருவாள். அவளை அதே ராயபுரத்தில் நூல் கடை வைத்திருந்த சுரேந்தருக்குக் கட்டிக்கொடுத்திருந்ததால், அம்மா முத்தாத்தாளுக்கு மகள் கூப்பிடு தூரத்தில் இருந்தாள், ஊரில் இருந்த நாட்களில். திருமூர்த்தி விமானத்தில் கால் வைத்ததே கிடையாது. தங்கையை ஏற்றிவிடப் போனால் வாசல் கண்ணாடி வரைக்கும் வருவான். பெட்டியைத் தள்ளிக்கொடுத்துவிட்டு, "பாத்துப் போயிட்டு வா அம்மிணி" என்று சொல்லி, அவள் உள்ளே மறையும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

அவள் திரும்பிவந்த மறுநாள் கம்பெனியில் டீ வேளைக்கு ஒருவரும் வெளியே போகமாட்டார்கள். எல்லாரும் கட்டிங் மேசையைச் சுற்றி நின்றுகொள்வார்கள். அவள் சொல்வது பெரிய பெரிய கட்டடங்களைப் பற்றி அல்ல. அதெல்லாம் இப்போது போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவள் சொல்வது யாரும் கவனிக்காத சின்ன சங்கதிகள். ஜன்னல் சீட்டுத்தான் வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்குகிறவர், உட்கார்ந்ததும் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கிவிடுகிறார். தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள் மேலே போனதும் அதைத்தான் கேட்கிறார்கள். நாக்குக்கு உப்பு உறைப்பது அங்கே குறைந்துபோகிறது. நாய்க்குட்டி தொலைந்துபோகும் ஒரு படத்தைப் பார்த்து, மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். கீழே இறங்கினதும் தன் டிரைவரைப் போனில் கன்னாபின்னாவென்று திட்டினார். பத்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் வாய் திறக்காதவர்கள், விமானம் இறங்கத் தொடங்கியதும் பெயரைச் சொல்லி, பிள்ளைகளைச் சொல்லி, முழங்கால் வலியைச் சொல்லி, சக்கரம் தரையைத் தொடுவதற்குள் முழு வாழ்க்கையையும் ஒப்பித்துவிடுகிறார்கள். நின்றவுடன் எல்லாரும் எழுந்து, மேலே சாமான் தட்டு இடிக்கக் கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தவர்களும் கடைசியில் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள்.

அரபிக்கடலுக்கு மேலே ஓர் இடம் வரும், அங்கே விமானத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அழுகையை நிறுத்தும். அந்த இடம் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை ஜெயசுதா போகும்போதும் பார்த்திருக்கிறாள், வரும்போதும் பார்த்திருக்கிறாள். தூங்குகிறவர்களின் கனவுகளும் அந்த உயரத்தில் பக்கத்து சீட்டுக்கு மாறிவிடுவதுண்டு. ஒரு தடவை அவள் கனவில் முழுக்க மழைக்கோட்டுப் போட்ட மாடுகள் வந்தன. அவளுக்கு அடுத்திருந்த வெள்ளைக்காரர் பயந்து விழித்து, "யார் அது முத்தாத்தாள்? என்னை எதற்கு அப்படி வைகிறார்கள்?" என்று கேட்டார்.

"அட சாமி, அந்த மனுசன்கிட்ட நானென்ன பேசுனனோ" என்று முத்தாத்தாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அன்று அவள் மதியச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க என்ன பேசியிருப்பீக, சாப்பிட்டியாடான்னு கேட்டிருப்பீக" என்றாள் பாண்டியம்மாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே டெய்லராக இருப்பவள் அவள். "நீங்க கேக்கிற தோரணைக்கு எந்தச் சீமைக்காரனும் பயந்துதான் முழிப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். திருமூர்த்தி சத்தமில்லாமல் துணி மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருப்பான். ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டான். "ஏம்மிணி, நம்ம துணி போட்டவிங்க யாராச்சும் கண்ணுல பட்டாங்களா?" என்று மட்டும் கடைசியில் கேட்பான். படுவார்கள். விமான நிலையத்தில் மற்றவர்கள் ஆட்களின் முகத்தைப் பார்ப்பார்கள், திருப்பூர்க்காரர்கள் தையலைப் பார்ப்பார்கள். வரிசையில் முன்னால் நிற்கிறவன் சட்டையின் ஓரம் முறுக்கியிருந்தால் ஜெயசுதாவுக்குக் கை பரபரக்கும். ஒரு தடவை பனி பெய்யும் ஓர் ஊரில், அப்பாவின் தோளில் தூங்கிய ஒரு குழந்தையின் கழுத்துப் பட்டியைப் பார்த்ததும், இது அண்ணன் வெட்டு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் குழந்தை கண்ணில் இருந்து மறையும் வரை பின்னாலேயே நடந்து, அவள் தன் விமானத்தைத் தவறவிட்டாள். அந்தத் தடவை மட்டும் நிழல் முதலில் வந்துவிட்டது. முத்தாத்தாள் அதற்கு ஒரு பாயை விரித்துப்போட்டுக் காத்திருந்தாள்.

இப்படி எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் போய்க்கொண்டே இருக்கிறவர்களுக்கு ஊரில் நடப்பது ஒவ்வொன்றாகக் கை நழுவும். சித்தப்பா மகள் வினிதாவின் சீருக்கு ஜெயசுதா இல்லை. குண்டடத்துக் கோயில் நோம்பிக்கு இல்லை. அப்பா பொங்கியண்ணன் கண்ணை மூடிய காலையில் அவள் கடலுக்கு மேலே இருந்தாள். அழுகிற குழந்தைகள் வாய் மூடும் அந்த இடத்தில்தான் அவள் அப்போது இருந்திருக்க வேண்டும், அன்றைக்கு அங்கே அமைதி வெகுநேரம் நீடித்தது என்று சொன்னாள். திருமூர்த்திக்குப் பெண் அமைய வெகுகாலம் ஆயிற்று. ஜாதகம் வந்தது, போயிற்று. பெண் வீட்டார் காரில் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகு பல்லடத்துப் பக்கம் நித்யஸ்ரீ அமைந்தாள். அவளாகவே அவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நிச்சயத்துக்கும் ஜெயசுதா வெளிநாட்டில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு போனில் அவள் அண்ணனிடம் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள்: "எது போனாலும் போகுதுங்ணா. உங்க இணைச்சீருக்கு நாந்தான் நிப்பேன். இது சத்தியம்."

கொங்குக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். கட்டிக்கொள்ளப் போகிறவள் வந்தாலும் கூடப் பிறந்தவள் விட்டுப்போக மாட்டாள் என்று ஊரறியச் சொல்லும் சீர் அது.

கல்யாணம் ஆவணியில். ஆடி முடிவில் ஒரே ஒரு பயணம், போனதும் வந்துவிடலாம் என்று ஜெயசுதா சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். தவறு அங்கேதான் நடந்தது. மாதிரிச் சட்டைகளை அப்படியே கொண்டுபோனால் விற்கக் கொண்டுவந்த சரக்கு என்று சுங்கத்தார் வரி கேட்பார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் அக்குளுக்குக் கீழே கத்திரியால் ஒரு வெட்டுப் போட்டு எடுத்துப்போவது இந்தத் தொழிலில் வழக்கம். மேற்கு ஜன்னல் வழியே சாய்ந்த வெயில். முந்தைய பயணத்திலிருந்து அன்றுதான் வந்துசேர்ந்திருந்த அவள் நிழல், களைத்துப்போய் மேசை மேல் சட்டைகளோடு சட்டையாக நீட்டிப் படுத்திருந்தது. போனில் அம்மா கூறைச்சேலையின் கரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "அரக்குதானுங்மா நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஜெயசுதா வரிசையாக வெட்டினாள், மடித்தாள், அடுக்கினாள். நிழலையும் வெட்டினாள். நிழலையும் மடித்து வைத்தாள்.

ஹாம்பர்க்கில் அவள் இருந்த நாளெல்லாம் மூட்டம். அங்கே யாருக்கும் நிழல் இல்லை, அதனால் அவளும் தேடவில்லை. பையர் ஆபீஸில் மாதிரிகளைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பினாள். வழக்கம்போல நிழல் பின்னால் வரும் என்று இருந்தாள். வரவில்லை. வாரம் ஒன்று போயிற்று. கோயமுத்தூர் விமான நிலையத்துக்குப் போய், தொலைந்த சாமான்களைக் கேட்கும் இடத்தில் நின்றாள். அங்கிருந்த பெண் நல்ல பொறுமைசாலி. "பெட்டியாங்க, பையாங்க?" என்று கேட்டாள்.

"நெழலுங்க."

"என்ன சைஸுங்க?"

"என் ஒசரந்தானுங்க. காலையில கொஞ்சம் நீளமா இருக்கும்."

"உள்ள உடையற பொருள் ஏதாச்சும்?"

ஜெயசுதா கொஞ்சம் யோசித்து, "தெரியலீங்க" என்றாள். வந்தால் போன் செய்வதாக அந்தப் பெண் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் ஒருத்தி கைப்பையிலிருந்து கத்திரியை எடுத்து ஏதோ நூலை நறுக்கினாள். அந்தச் சத்தத்தில் ஜெயசுதாவுக்கு மேசையும் சாய்ந்த வெயிலும் தன் கையும் நினைவுக்கு வந்தன. உடனே பையருக்கு எழுதினாள். கோடை விடுமுறை, ஆபீஸ் மூடியிருக்கிறது, செப்டம்பரில் திறப்போம் என்று யாரும் எழுதாமல் தானாகவே வரும் பதில் வந்தது. கல்யாணமோ அதற்கு முன்பே இருந்தது.

சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் லிங்கசாமி, ஏற்பாடு பேச வீட்டுக்கு வந்தார். ஜெயசுதா வாசலில் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் சொம்பின் நிழல் மட்டும் தனியாக நகர்ந்து வருவதை அவர் பார்த்தார். குடித்து முடித்துவிட்டு முத்தாத்தாளிடம் மெதுவாகச் சொன்னார்: "குத்தமாச் சொல்லலீங்க. புள்ள தங்கமான புள்ள. ஆனா இணைக்கு நிக்கறவ நெழல் மாப்ளை நெழலோட சேந்து தரையில உழுகோணுமுங்க. எங்கப்பாரு காலத்துலகூட நெழலில்லாத ஆளை நிறுத்துனதாக் கேட்டதில்ல. வினிதாவும் தங்கச்சி மொறைதானுங்களே."

முத்தாத்தாள் தலையை ஆட்டினாள். ஒறம்பரை என்கிற சொந்தபந்தத்தின் வாய்க்கு அவள் பயப்படுவாள். அவ்வளவு தள்ளிப்போய் அமைந்த கல்யாணத்தில் ஒரு குறைச்சொல் விழுந்துவிடக் கூடாது என்ற பயம். வினிதாவுக்குப் பட்டுச்சேலை எடுக்க ஜெயசுதாவே கூடப் போனாள், அவளே கரை பார்த்தாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். திருமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கேட்டுவிட்டு அவன் போய் இரண்டு அடுக்குத் துணி வெட்டிவிட்டு வந்தான்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து வாசல் பந்தலில் எல்லாம் தயார். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். வினிதா புதுச்சேலையில் வந்து நின்றாள். திருமூர்த்தி வேட்டி கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, மாப்பிள்ளையாக வெளியே வந்தவன் பந்தலுக்குள் போகவில்லை. பந்தலைத் தாண்டி வெயிலில் போய், சூரியனுக்கு முதுகு காட்டி நிமிர்ந்து நின்றான். அவன் நிழல் முன்னால் நேராக விழுந்தது. இடுப்பிலிருந்து ஒரு பெரிய கத்திரியை எடுத்தான், கம்பெனிக் கத்திரி. பட்டு வேட்டிக்குள் அதைச் செருகிக்கொண்டுதான் அவன் மாலை போட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஜெயா, இங்க வா."

அவள் வந்தாள்.

"நான் குனிஞ்சா இதுவும் குனியுது. என்னால வெட்ட முடியாது. நீ வெட்டு."

ஜெயசுதா கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். "நான் வெட்டுனதே போதுமுங்ணா. இந்தக் கையில இனி எதையும் வெட்டமாட்டேன்."

"வெட்டு அம்மிணி. வெயில் ஏறுது, ஏற ஏற துணி கொறையும்."

"உங்களுக்குக் கொறஞ்சு போகுமுங்ணா."

"நான் எங்க போறேன்? மேசைக்கு இக்கட்டயும் அக்கட்டயும் நடக்கறதுக்குப் பாதி போதும். ஊரெல்லாஞ் சுத்தறவ நீ." அவள் கையை இழுத்துக் கத்திரியை அதில் வைத்தான். உடனே தொழில் குரலுக்கு மாறிக்கொண்டான். "நேரா நடுவுல வெட்டாதே. உன் பக்கம் ரெண்டு விரல் கூட உட்டு வெட்டு. பனியன் துணியாட்டத்தான் இதும், ஈரம் பட்டாச் சுருங்கும். நீ போற ஊருலயெல்லாம் மழை."

அவள் மண்டியிட்டு வெட்டினாள். கண்ணீர் விழுந்த இடத்தில் கோடு கொஞ்சம் வளைந்தது, மற்றபடி நல்ல வெட்டு. நித்யஸ்ரீ மணப்பெண் அறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் ஓடிவந்து, வெட்டிய பகுதியை உதறி, ஜெயசுதாவின் குதிகாலோடு சேர்த்துப் பிடித்து நாலு தையல் போட்டாள். பிறகு அருமைக்காரரை நிமிர்ந்து பார்த்து, "ஒரே லாட்டுத் துணிதான் சாமி, ஒண்ணாச் சாயம் ஏத்துனது. கலர் மாறாது" என்றாள்.

லிங்கசாமி கிட்டே வந்து பார்த்தார். அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இரண்டு பாதிகளும் தரையில் ஒட்டி விழுந்து ஒன்றாகிக் கிடந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதைவிடச் சேந்து உழுகோணுமுன்னு நான் யாரைக் கேக்கறதுங்க? வாங்க, நேரமாச்சு" என்றார். வினிதா தன் கையிலிருந்த கூறைச்சேலைத் தலைப்பை ஜெயசுதாவிடம் கொடுத்துவிட்டு, "அப்பாடா, இனித்தான் எனக்குச் சோறு எறங்குமுங்க்கா" என்று பந்திக்கு ஓடினாள். முத்தாத்தாள் யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள். இணைச்சீர் நடந்தது, தாலி ஏறியது, விருந்தில் இரண்டு வகைப் பாயசம்.

செப்டம்பரில் பையர் ஆபீஸ் திறந்தது. நிழலை அவர்கள் கம்பியில் மாட்டி வைத்திருந்தார்கள்; அழகாக இருக்கிறது, இந்தத் தரத்தில் தைத்துத் தரலாம் என்று ஒப்புதல் அட்டை கட்டித் திருப்பி அனுப்பினார்கள். அது அட்டை ஆடஆட பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தது. பாண்டியம்மாள் அக்குள் வெட்டைத் தைத்துக் கொடுத்தாள். ஜெயசுதா அண்ணனுடைய பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். அவன் மேசையிலிருந்து தலை நிமிரவில்லை. "வெட்டுன துணியை மறுபடி ரோலுல சுத்த முடியுமா? போ, போய் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டான்.

பாதி திரும்பவும் அவள் குதிகாலுக்கே போயிற்று. அதிலிருந்து ஜெயசுதாவுக்கு ஒன்றரை நிழல், திருமூர்த்திக்கு அரைக்கும் இரண்டு விரல் குறைவு. "முழுசா ஒரு மனுசனைப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டேன், ஏமாத்திப்போட்டீங்களே" என்று நித்யஸ்ரீ அவனைக் கேலி செய்வாள். ஆனால் வெயிலில் இருவரும் நடக்கும்போது அந்தக் குறைந்த பக்கத்தில்தான் வந்து நடப்பாள். அவர்களுக்குப் பிறந்த தரணிக்கு நிழல் முழுசாகவே இருந்தது. ஜெயசுதா இன்றைக்கும் மாசம் ஒரு தடவை பறக்கிறாள், சங்கதிகளோடு வருகிறாள். அவளுடைய சொந்த நிழல் இன்றைக்கும் விளக்குகளில் திகைத்து, அடுத்த விமானத்தில்தான் வருகிறது. அண்ணன் கொடுத்த பாதி ஒருநாளும் தாமதித்ததில்லை. அவள் எந்த ஊரில் இறங்கினாலும், காலைத் தரையில் வைக்கும்போது அது அங்கே இருக்கிறது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் வெளியூர் போனவர்கள், வெளிநாடு போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் காலுக்குக் கீழே எப்போதும் வீட்டுக்காரர் ஒருவருடைய நிழல் விழுந்துகொண்டிருக்கட்டும். அவர்கள் வரும்வரை உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், வந்த பிறகு சோறு குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீடும் வாசலும் மக்களும் மருமக்களும் நன்றாக இருக்கட்டும்.